ஆவுடையப்பன் அண்ணாச்சியின் பத்தொன்பது வருஷ நீலக்கட்டி

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டயர் கடை இருக்கிறது. அதன் மாடியில் மைதீன் பாய் நடத்தும் பூல் கிளப்பில் நாலு மேசை. மூன்று மேசையில் பந்து ஓடும். நாலாவதான ஜன்னலோர மேசையில், சாயங்காலம் அஞ்சிலிருந்து ஆறு வரை, ஆவுடையப்பன் அண்ணாச்சியின் பேச்சு மட்டும் ஓடும்.

அந்த மேசை பதினோரு வருஷமாக அவருடையது. யார் வேண்டுமானாலும் வந்து, "உங்ககூட ஆடுதேன், ஜெயிச்சா இந்த நேரத்துக்கு மேசை எனக்கு" என்று கேட்கலாம். அண்ணாச்சி மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. ஆனால் அந்த கிளப்பில் மூன்று வழக்கம் உண்டு. முதல் அடி மேசைக்காரருடையது. ஆறு மணிக்கு மைதீன் பாய் பெல் அடிக்கும்போது ஆட்டம் முடியவில்லை என்றால் மேசை பழைய ஆளுக்கே. இன்னொன்று, ஸ்டிக் நுனியில் சாக் என்கிற நீலக்கட்டியைத் தடவிக்கொண்டிருக்கிற ஆளை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. சாக் சரியாகப் பிடிக்காவிட்டால் நுனி பந்தில் வழுக்கிவிடும் என்பது ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இந்த மூன்று வழக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரே மூளை அண்ணாச்சியுடையது. பதினோரு வருஷத்தில் அவர் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. ஒரு ஆட்டம்கூட ஆடி முடித்ததில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்லவும் மனசு வரமாட்டேன் என்கிறது. வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறார். அங்கே தார் இறக்குகிறவர்களுக்குக் கதை கேட்க நேரமில்லை. வீட்டில் வாயைத் திறந்தால், "இதத்தான் போன வாரமே சொல்லிட்டீங்களேப்பா" என்று மகன் டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். நாலு பேர் கூடி உட்கார்ந்து தன் வாயையே பார்க்கிற ஒரு மணி நேரம் அவருக்கு இந்த ஜன்னலோரத்தில்தான் கிடைக்கிறது. அதுவும் போய்விட்டால் மனுஷன் சாயங்காலத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

அப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை குணசீலி டீச்சர் வந்து நின்றார். கேர்ள்ஸ் ஸ்கூலில் பி.டி. டீச்சர். போன வாரம் முழுக்க ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணாச்சியோடு மோத வந்த இரண்டு பேர் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போனதைப் பார்த்தவர்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நான் ஆடட்டுமா?"

"தாராளமா ஆடுவோம் டீச்சர். சாக் மட்டும் போட்டுக்கிடுதேன்."

மணி அஞ்சு அஞ்சு. வழக்கமான இரண்டு சந்தேகப் பேர்வழிகளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை சேர்மக்கனி, அண்ணாச்சி வயசுக்காரர். இன்னொருவன் போட்டோ ஸ்டூடியோ கொம்பையா. அண்ணாச்சிக்கு இவர்கள் இரண்டு பேரும் உயிர். ஒரு சந்தேகத்துக்கு நாலு நிமிஷம் என்பது அவர் கணக்கு.

சட்டைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே பச்சரிசி. அரிசிக்குள்ளிருந்து நீலக்கட்டியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"பத்தொம்பது வருசக் கட்டி டீச்சர். தூத்துக்குடி ஹார்பர்ல ஒரு கப்பல் சமையக்காரர் குடுத்தது. ஈரம் பிடிச்சா செத்துரும், அதான் அரிசில வைக்கேன். கவுத்தி வைக்கக் கூடாது, மேசைக்கு நேரா வச்சுத் தடவக் கூடாது, துணில தூசி கொட்டும். முக்கியமா, திருகக் கூடாது. கட்டிய ஸ்டிக்குல போட்டுத் திருகுதான் பாருங்க, அவன் ஆட்டக்காரன் இல்ல, மாவாட்டுதவன். நோகாம ஓரத்துல மூணு இழுப்பு. அம்புட்டுத்தான்."

சொல்லிக்கொண்டே கட்டியை ஸ்டிக் நுனியில் வைத்துக் கரகரவென்று திருகினார். மாசத்துக்கு ஒரு கட்டி வாங்கி ரகசியமாக அவரிடம் கொடுக்கிற மைதீன் பாய், காதைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்றே மாற்றியிருக்க வேண்டிய கட்டி அது. லாரி லோடு வந்த அவசரத்தில் அண்ணாச்சி மறந்துவிட்டார்.

"பத்தொம்பது வருசமா தேயவே இல்லியா வே?" என்றார் சேர்மக்கனி.

அண்ணாச்சிக்கு மனசு குளிர்ந்தது. "தேயாது வே. இது ஒட்டுத கட்டி, உதிருத கட்டி இல்ல. ஒருநா தெரியாம அழுத்தித் தடவிட்டேன். அடிச்சா பந்து போகல. ஸ்டிக்குலயே ஒட்டிக்கிட்டு நிக்கி. இந்தப் பக்கம் நாலு பேரு, அந்தப் பக்கம் நாலு பேரு நின்னு இழுக்காங்க, வரமாட்டேங்கு. கடசில வெந்நி ஊத்தித்தான் பிரிச்சோம்."

"வெந்நி ஊத்துனா மேசத் துணி நனையாதா அண்ணாச்சி?" என்றான் கொம்பையா.

"ஏல, துணியக் கழத்திட்டுத்தாமுல ஊத்துனோம்! அந்தத் துணியக் காயப்போட்ட கதைய முதல்ல கேளு." காயப்போட்ட கதை மூன்று நிமிஷம் ஓடியது. டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அதாவது பரவால்ல" என்று அண்ணாச்சி தொடர்ந்தார். கட்டி திருகிக்கொண்டே இருந்தது. "ஒரு செவ்வாக்கிழம, பந்துக்குக் கொஞ்சம் சுத்து குடுத்து அடிச்சேன். பந்து பாக்கெட் வாயில போயி நின்னு சுத்துது. சுத்துதுன்னா, பாத்தா தெரியாது. காத வச்சாத்தான் கேக்கும். புதன் சுத்துது. வியாழன் சுத்துது. எதுத்து ஆடுனவரு திருச்செந்தூர்க்காரரு, பந்து நிக்காம அடிக்கப்பிடாதுல்லா, வீட்டுக்குப் போவாம இங்கனயே குளிச்சி இங்கனயே சாப்பிட்டாரு. வெள்ளிக்கிழம மத்தியானம் ஒண்ணரை மணிக்கு, டொக்குன்னு உள்ள விழுந்துட்டு."

"பாய், நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் சேர்மக்கனி.

"நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தேன்" என்றார் மைதீன் பாய். பதினோரு வருஷ வாடிக்கையாளரை விட்டுக்கொடுக்க முடியாது.

மணி அஞ்சு இருபத்தெட்டு. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்து பஸ் கதை. அது எப்போதும் பதினைந்து நிமிஷத்துக்குக் குறையாது.

"பாபநாசம் மலைல ஒரு பஸ் பிரேக் இல்லாம எறங்குது. உள்ள நான். டிரைவரு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. நான் ஜன்னல் வழியா எறங்கி, ஓடுத பஸ்ஸுல டயருக்கு இந்தக் கட்டிய ரெண்டு இழுப்பு இழுத்தேன். டயர் ரோட்டப் பிடிச்சிக்கிட்டு. ஆனா பஸ்ஸு நிக்கல. ரோடு பாய் மாதிரி சுருண்டு பஸ்ஸு கூடவே வந்துட்டு! அம்பாசமுத்திரம் தாண்டி, சேரன்மாதேவி தாண்டி, இங்க ஸ்டாண்டு வரைக்கும். மறுநா ஆளுக வந்து தேடுதாங்க, ஒரு மைல் ரோட்டக் காணலன்னு."

"யோவ், ரோடு எப்படிய்யா சுருளும்?" சேர்மக்கனி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் டீச்சர் சொன்னார். "தார் ரோடுல்லா அண்ணாச்சி. சித்திர வெயிலுக்கு இளகியிருக்கும்."

சேர்மக்கனி யோசித்துவிட்டு உட்கார்ந்தார். "அதுஞ்சரிதான்."

நாலு நிமிஷம் போச்சு! அண்ணாச்சிக்குத் திக்கென்றது. வெயிலைப் பற்றி அவரே ஒரு தனிக் கதை வைத்திருந்தார்.

"அது சரி, ஓடுத பஸ்ஸுல இருந்து எறங்க முடியுமா?" என்று கொம்பையா இழுத்தான்.

"சுருண்ட ரோடு பஸ்ஸப் பின்னால இழுத்திருக்கும்லா. மெதுவாத்தான் வந்திருக்கும்" என்றார் டீச்சர். "அண்ணாச்சி சொல்லுதது அத்தனையும் நெசம். நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

சந்தேகப்படுகிறவர்களைச் சமாளிக்க அண்ணாச்சிக்குப் பதினோரு வருஷப் பழக்கம். நம்புகிறவரை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. நம்பிவிட்டால் பிறகு என்னத்தைச் சொல்வது? கை வேகமாகத் திருகியது. "நீங்க கேக்கலாம், அதெப்படி ரோட்ட பஸ் ஸ்டாண்டுல போட எடம் இருந்துச்சுன்னு..." என்று சேர்மக்கனியைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார். சேர்மக்கனி கேட்கவில்லை. டீச்சரின் நம்பிக்கையைப் பார்த்த பிறகு அவருக்கே ஒருமாதிரி வெட்கமாகிவிட்டது.

மணி அஞ்சு நாற்பது. இனி கையிருப்பில் இருக்கிற பெரிய சரக்கை இறக்குவதைத் தவிர வழியில்லை.

"இதெல்லாம் என்ன டீச்சர்! ஒருநா சரியா அஞ்சு மணி. அந்தா தொங்குது பாருங்க கடியாரம், அது முள்ளுல ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். முள்ளு நேரத்தப் பிடிச்சிக்கிட்டு. விடல. ஒரு மாசம் பாளையங்கோட்டைல சாயங்காலம் அஞ்சு மணிதான். பொழுது அடையல. கோழி அடையல. சோத்துக்கு வீட்டுக்குப் போவணும்னு யாருக்கும் தோணல."

அண்ணாச்சி கொம்பையாவைப் பார்த்தார். கொம்பையா டீச்சரைப் பார்த்தான். டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"அது நீங்கதானா அண்ணாச்சி? அந்த ஒரு மாசமும் நான் கிரவுண்டுல பிள்ளைகளுக்கு டிரில் எடுத்துக்கிட்டு நின்னேன். நாலரைக்கு அடிக்க வேண்டிய பெல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் மறந்துட்டாங்க. சரி அஞ்சுக்காவது அடிப்பாங்கன்னு பாத்தா, அஞ்சு தாண்டவே மாட்டேங்கு. எட்டாங் கிளாஸ்ல சேந்த பிள்ளைக, டிரில் முடியுறதுக்குள்ள கல்யாணமாகி, அதுக பிள்ளைகளக் கொண்டாந்து அதே வரிசைல நிறுத்திட்டாளுவ."

கிளப்பே அதிர்ந்தது. சேர்மக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு மாசத்துல எப்படி டீச்சர் பிள்ளை பிறக்கும்?" என்று கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான். பக்கத்து மேசை ஆட்களும் ஸ்டிக்கோடு வந்து டீச்சரைச் சுற்றி நின்றார்கள். கேள்வியெல்லாம் இப்போது அந்தப் பக்கம் போனது. இது அவருடைய சந்தேகம், அவருடைய சிரிப்பு, அவருடைய கூட்டம்.

டீச்சர் அண்ணாச்சியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டி தீந்துட்டு அண்ணாச்சி."

குனிந்து பார்த்தார். ஸ்டிக் நுனி கட்டியைத் துளைத்து மறுபக்கம் வந்து, அவர் பெருவிரலில் நீலமாகத் திருகிக்கொண்டிருந்தது. கட்டியில் மிச்சம் இருந்தது அடியில் ஒட்டியிருந்த காகிதம் மட்டும். அவ்வளவு நேரமும் பேச்சு சுவாரசியத்தில் விரலுக்குத்தான் சாக் போட்டிருக்கிறார்.

மணி அஞ்சு நாற்பத்தெட்டு. மைதீன் பாய் ஒரு புதுக்கட்டியை எடுக்க மேசை டிராயரில் கை வைத்தார். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"அடிங்க அண்ணாச்சி. பத்தொம்பது வருசக் கட்டி மொத்தமும் அந்த நுனிலதான் இருக்கு."

அண்ணாச்சி மேசைக்கு வந்தார். பதினோரு வருஷத்தில் இந்த மேசையில் அவர் குனிவது இதுதான் முதல் தடவை. அடித்தார். நீலத்தூசி குபீரென்று கிளம்பி அவர் மீசையில் படிந்தது. நுனி வழுக்கிற்று. வெள்ளைப் பந்து எதிரே முக்கோணமாக அடுக்கியிருந்த பந்துகளின் பக்கமே போகாமல், கோணலாக ஒரு முழம் நடந்து நடு மேசையில் நின்றுவிட்டது.

"சரி, இனி என் முறை" என்று டீச்சர் ஸ்டிக்கை எடுத்தார்.

"பொறுங்க!" அண்ணாச்சி கையை விரித்து மேசைக்குக் குறுக்கே நின்றார். மீசையெல்லாம் நீலம். "பந்து நிக்கல டீச்சர். சுத்துது. செவ்வாக்கிழம அடிச்ச அதே அடி. ஓடுத பந்து நிக்காம அடுத்த ஆள் அடிக்கப்பிடாது. எல்லாருக்கும் தெரியும். எப்படியும் சனிக்கிழமைக்குள்ள நின்னுரும்."

அது நிஜமாகவே கிளப் சட்டம். சேர்மக்கனி குனிந்து பந்தில் காதை வைத்துப் பார்த்தார். மைதீன் பாய் பெல் பக்கம் நகர்ந்தார். அண்ணாச்சிக்கு நெஞ்சில் மறுபடி உயிர் வந்தது.

டீச்சர் பதறவில்லை. மேசையில் கையை ஊன்றிப் பந்தைப் பார்த்தார். அத்தனை சாக்கையும் வாங்கிய பந்தின் பக்கவாட்டில், அடி பட்ட இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு நீலப் பொட்டு அப்பியிருந்தது. விரலால் அதைக் காட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். அண்ணாச்சியும் பார்த்தார், அது கொஞ்சமாவது திரும்பாதா என்று உண்மையிலேயே ஏங்கிப் பார்த்தார். பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"பந்து நகரல அண்ணாச்சி" என்றார் டீச்சர். "நீங்க நகருங்க."