முடுக்குப் பக்கம்

"பார்க்காமலேயே கவிழ்த்துப் போடுறீங்களே டீச்சர், இது நியாயமா?"

ஷமீமாவின் குரல் உயர்ந்துவிட்டது. உயராமல் என்ன செய்யும்?

மஹ்மூதா வரைபடத்தை மேசைமேல் முகங்குப்புறக் கவிழ்த்தாள். அதன்மேல் டீ கிளாஸை வைத்தாள்.

ஷமீமா தூங்காமல் வரைந்த வரைபடம். இப்போது கிளாஸுக்கு விரிப்பு.

அந்தக் கடலோர ஊரில் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். அதனால் பெண்ணுக்கு நிக்காஹ் பேசினால் நகைக்கு முன்னால் அறையைத்தான் பேசுவார்கள். பழைய வீட்டோடு ஒட்டி ஓர் அறையாவது கட்டி, சாவியைப் பெண் கையில் கொடுக்க வேண்டும்.

பழைய வீட்டைத் தொட்டுக் கட்டுவதில் மஹ்மூதா பேர்போனவள். அவள் தலையாட்டாமல் அந்தத் தெருவில் ஒரு செங்கல் ஏறாது.

ஷமீமாவும் லேசுப்பட்டவள் இல்லை. சென்னையில் அடுக்குமாடிகளாகக் கட்டித் தள்ளியவள். மகள் ஸீனத்துக்குச் சம்பந்தம் கூடியதும், உம்மா வழியில் வந்த வீட்டில் தன் கையால்தான் அறை எழும்ப வேண்டும் என்று வீம்பு பிடித்தாள். ஊருக்கு வந்து, தன்னைவிட வயதில் இளையவளிடம் மாணவியாகச் சேர்ந்தாள்.

இவள் அவளை டீச்சர் என்பாள். அவள் இவளை, அக்காளைக் கூப்பிடுகிற முறையில், லாத்தா என்பாள். மரியாதை வயதுக்கு மட்டும்தான். வரைபடத்துக்குக் கிடையாது.

"போன தடவை கொண்டுவந்ததையும் இப்படித்தான் கவிழ்த்தீங்க."

"ஆமா."

"அதுல என்ன குறை? பழைய தூணு மாதிரியே தூணு. பழைய வாசல் மாதிரியே வாசல். எது பழசு, எது புதுசுன்னு கண்டுபிடிக்கவே முடியாதுன்னு குடும்பமே மெச்சிக்கிச்சு."

"தூணு எதுல?"

"சிமெண்டுல. மேல தேக்கு மாதிரி பெயிண்ட்."

மஹ்மூதா ஷமீமாவின் தலையைப் பார்த்தாள். நேற்றுதான் சாயம் பூசிய தலை.

ஷமீமா முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, அது வேண்டாம்னுதானே இதை வரைஞ்சேன்? முழுக்கக் கண்ணாடி, இரும்பு. புதுசுன்னா புதுசு, ஒளிவுமறைவே இல்லை. இதையும் கவிழ்த்தா நான் எங்கே போக? பக்ரீத் முடிஞ்சா நிக்காஹ். அறை இல்லைன்னா நாளைத் தள்ளி வைக்கணும். மாப்பிள்ளை வீட்டுல இப்பவே மூக்கால அழறாங்க. ஸீனத் என் மூஞ்சியில முழிக்கவே மாட்டேங்கிறா."

மஹ்மூதா டீயைக் குடித்து முடித்தாள்.

"இங்கே எப்படி வந்தீங்க, லாத்தா?"

"கார்லதான்."

"ரெண்டு தெரு தள்ளித்தானே வீடு?"

"வெயிலு."

"காரை அனுப்பிடுங்க. நான் கொண்டுவிடறேன்."

மஹ்மூதா வாசலுக்குப் போகவில்லை. அடுக்களையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தாள்.

பின்கதவுக்கு வெளியே முடுக்கு. வீடுகளின் முதுகுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற சந்து. அதில் பெண்கள் மட்டும்தான் நடப்பார்கள். ஆண்கள் எட்டிப் பார்ப்பதும் கிடையாது. கல்யாணச் சேதி, காய்ச்சலுக்குக் கஷாயம், பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் போய்வருகிற வழி அது.

ஷமீமா கொழும்பில் பிறந்தவள். கான்வெண்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். லீவுக்கு வந்தாலும் தெருவாசலில் இறங்குவாள், தெருவாசலில் ஏறுவாள். முடுக்கு, இங்கிலீஷ் தெரியாத பெண்களுக்கு என்று ஓர் எண்ணம்.

இப்போது செருப்பில் மணல் ஏற ஏற நடந்தாள்.

"யாரு, ஷமீமாவா? காலு இருக்காடி உனக்கு? டயருன்னுல்ல நினைச்சேன்!" ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளைக்கு அறை ஆச்சா?" இன்னொரு ஜன்னல்.

"இன்னும் காகிதத்துலதான் இருக்கு, மாமி."

"அப்ப மாப்பிள்ளையையும் காகிதத்துலயே சுருட்டி வை!"

முடுக்கு முழுக்கச் சிரித்தது. ஷமீமா சிரிக்கவில்லை.

ஒரு வளைவு திரும்பியதும் நின்றாள்.

எதிரே நீளமாக ஒரு வீடு. ஒரு கோடியில் சின்ன மர ஜன்னல், விளக்கு வைக்க ஒரு மாடம். அதை அடுத்த பகுதியில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி பதித்த ஜன்னல். அதற்கடுத்து சிமெண்டில் பூ வார்த்த ஜன்னல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலம். எதுவும் இன்னொன்றைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. ஆனாலும் கூரை விளிம்பு ஒரே கோடாக ஓடியது. ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும், போகிறவள் கூடையை இறக்கிவைக்க ஒரு கல்.

ஷமீமாவுக்குப் பொறாமையே வந்துவிட்டது.

"டீச்சர், யார் வீடு இது? எவ்வளவு அழகாக் கட்டியிருக்காங்க!"



ஜன்னலுக்கு ஜன்னல் சிரிப்பு வெடித்தது.

"ஏண்டி, உன் வீடுடி! சொந்த வீட்டையே விலை பேசுவா போலிருக்கே!"

ஷமீமாவுக்குக் காது சுட்டது.

மஹ்மூதா மட்டும் சிரிக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். வீட்டின் கடைசிச் சுவரில் போய் நின்றாள்.

அந்தச் சுவரின் ஓரம் பூசப்படாமல் இருந்தது. செங்கற்கள் ஒன்றுவிட்டு ஒன்று, வாய் திறந்த பல்வரிசைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ஷமீமாவுக்கு அது தெரியும். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு வரைபடத்திலும் குறித்திருந்தாள்: 'சிதிலம். செதுக்கிப் பூசவும்.' நாளைக் காலையில் கொத்தனார் உளியோடு வருகிறார்.

"இதை எவன் இப்படி அரைகுறையா விட்டுட்டுப் போனான்?"

"எவனும் இல்லை. உங்க உம்மா."

"எங்க உம்மாவா?"

"உங்க நிக்காஹுக்கு உம்மா கட்டின அறை இதோட முடியுது."

சிமெண்டில் பூ வார்த்த ஜன்னல். அப்படியானால் அது தன்னுடையது. சாவி சென்னையில் ஏதோ ஒரு டிராயரில் இருக்கிறது. ஷமீமா அந்த அறையில் ஒரு மாதம்கூடச் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

"அத்தனையும் பார்த்துப் பார்த்துக் கட்டினவங்க, இந்த ஓரத்தை மட்டும் எதுக்குப் பூசாம விட்டாங்க?"

மஹ்மூதா குனிந்தாள். மணலில் கிடந்த ஒரு பழைய செங்கல்லை எடுத்து ஊதினாள். நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கற்களுக்கு நடுவே வைத்து உள்ளங்கையால் தட்டினாள்.

கல் உள்ளே போய் உட்கார்ந்தது. அசைத்தாலும் அசையவில்லை.

ஷமீமா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பல்லைத் தடவினாள். அதற்கடுத்ததை. முக்காடு நழுவியது. இழுத்துவிடத் தோன்றவில்லை.

"ஸீனத் அப்ப பிறக்கவே இல்லையே, டீச்சர்."

"அதனால?"

மஹ்மூதா வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

ஷமீமா அங்கேயே நின்றபடி கொத்தனாருக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு உளி வேண்டாம். கொத்துக்கரண்டி மட்டும் கொண்டு வாங்க. அந்தச் சுவத்து மேல யாராவது கை வச்சா, கையை ஒடிச்சிடுவேன்."

"எந்தச் சுவரும்மா?"

"எங்க உம்மா சுவரு!"

முடுக்குக் கோடி வரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

மறுவாரம் மஹ்மூதாவின் பின்கதவு தட்டப்பட்டது. காலெல்லாம் மணலோடு ஷமீமா நின்றாள். சுருட்டிய காகிதத்தைப் பிரித்து, தானே மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஓரமாகக் கிடந்த டீ கிளாஸை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

மஹ்மூதா கிளாஸை நகர்த்தினாள். காகிதத்தை நிமிர்த்தினாள்.

தெருப்பக்கத்துக்கு ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு படம்: வெறும் சுவர், ஒரு கதவு. காகிதம் முழுக்க முடுக்குப் பக்கம்தான். பூ ஜன்னலுக்கு அடுத்து, இரும்புச் சட்டத்தில் ஸீனத் ஆசைப்பட்ட பெரிய கண்ணாடி ஜன்னல். அதே கோட்டில் கூரை. ஜன்னலுக்குக் கீழே ஒரு கல்.

மஹ்மூதாவின் விரல் புதுச் சுவரோடு நகர்ந்து அதன் கோடியில் நின்றது.

"இங்கே சுவர் முடியலையே, லாத்தா. ஒண்ணுவிட்டு ஒண்ணு கல்லு நீட்டிக்கிட்டு நிக்குது."

"முடிக்கலை."

"ஸீனத்துக்கு இன்னும் நிக்காஹே ஆகலையே."

ஷமீமா நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"அதனால?" என்றாள்.