பூட்டாகிப்போன காவல்காரரும் பெயர் கேட்ட கதவுகளும்

முன்னொரு காலத்திலே, மீன்கள் குடை பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போன காலம் என்று வையுங்கள், திறப்பூர் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ஊர்ச் சட்டப் புத்தகம் கடைத்தெருவில் கயிறு கட்டித் தொங்கும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பிடிக்கவில்லையா? படியெடுத்துக்கொண்டு போய்த் தனி ராஜ்ஜியமே கட்டிக்கொள்ளலாம். அதனால் அங்கே சண்டைக்குப் பஞ்சமே இல்லை.

கோட்டைக்கு மூன்று மாயக் கதவுகள். ஒன்று கடலுக்கு, ஒன்று தேன்காட்டுக்கு, ஒன்று பூதம் குடியிருக்கும் சேற்றுக்கு. யானை முட்டினாலும் திறக்காது. மணிக்கூண்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திறக்கும். பெயரா? காலையில் முதலில் கொட்டாவி விடுகிற கதவு 'ஒன்று'. அடுத்தது 'இரண்டு'. கடைசித் தூங்குமூஞ்சி 'மூன்று'. எப்போதும் கடல்கதவுதான் முதலில் விழிக்கும். நூறு வருஷம் தொல்லையில்லாமல் ஓடியது.

ஒருநாள் கடல்கதவு அயர்ந்துவிட்டது. காவல்காரர் மாசிலான் வழக்கம்போல "ஒன்றே, திற!" என்றார். சேற்றுக்கதவு திறந்தது. பூதம் வந்து நின்றது.

"கூப்பிட்டாயே, என்ன விருந்து?"

"ஐயா, நான் உங்களைக் கூப்பிடலையே..."

"யாரென்றே தெரியாமல் கூப்பிடுவாயோ?" என்று ஓர் ஊது ஊதியது. மாசிலான் பூட்டாகிவிட்டார். மீசை வைத்த பூட்டு! நானே தொட்டுப் பார்த்தேன், குத்தியது.

"மூன்று விடியல் தருகிறேன். கடல்கதவைக் கூப்பிட்டு, கடல்கதவே திறந்தால் இவன் மனுஷன். இல்லையென்றால் ஆயுசுக்கும் பூட்டு" என்று சொல்லிவிட்டு, அரண்மனைச் சோற்றுப் பானையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டது.

மாசிலானின் மகள் மாதுளை, சட்டப் புத்தகத்தில் கதவுகளுக்கு வேறு பெயர் எழுதக் கடைத்தெருவுக்கு ஓடினாள்.

"எங்க தாத்தா கூப்பிட்ட பெயரை மாற்றாதே!" என்றார் தளபதி கட்டையன். முதல் விடியலில் "ஒன்றே, திற!" என்று முழங்கினார். தேன்காட்டுக் கதவு திறந்தது. தேனீக்கள் கொட்டி, தளபதியின் மூக்கு அன்று பூசணிக்காய் அளவு.

"நிற்கிற இடம்தான் பெயர்!" என்றார் மந்திரவாதி நெடுநாக்கர். இரண்டாம் விடியலில் மூச்சுப் பிடித்துக் கூவினார்: "கிழக்கிலிருந்து எண்ணிவரும் நாற்பத்திரண்டாம் தூணடிக் கதவே, திற!"

எதுவும் அசையவில்லை. கதவுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன.

"உன்னையா கூப்பிடுறார்?"

"நான் நாற்பத்து மூன்றாச்சே!"

முதல்நாள்தான் ஒரு கொத்தனார், ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று கிழக்கே புதுசாக ஒரு தூண் கட்டியிருந்தார்.

தளபதி ஆட்களும் மந்திரவாதி ஆட்களும் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு உருண்டார்கள். பூட்டு மட்டும், "மாதுளை, எனக்குத் துருப் பிடிக்குதம்மா" என்றது.

மாதுளை தண்ணீர்ப் பானையும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கடல்கதவிடம் போனாள். தேய் தேய் தேய் என்று தேய்த்தாள். நூறு வருஷச் சாயம் உரிந்தது. அடியில் ஒரு தழும்பு: மூன்று கோடு, இரண்டு புள்ளி, ஒரு பிறை.

"இது என்ன அண்ணே?"

"என்னைச் செய்தபோது தச்சர் போட்ட சூடு. எங்கள் மூவருக்கும் வேறுவேறு. எப்போது விழித்தாலும், எத்தனை தூண் முளைத்தாலும் மாறாது."

"அப்படியா! உங்களுக்கு என்ன பெயர் பிடிக்கும்?"

கதவு விசும்பியது. "நூறு வருஷத்தில் என்னைக் கேட்ட முதல் ஆள் நீதான், தாயி."

மற்ற இரண்டையும் தேய்த்தாள், கேட்டாள். சட்டப் புத்தகத்தில் மூன்று சூட்டையும் வரைந்து, பக்கத்திலேயே பெயர் எழுதினாள்: உப்பண்ணன், தேனக்கா, சேற்றுமாமா.

"தாத்தா கூப்பிட்டது மாதிரியே சின்னப் பெயர், பரவாயில்லை" என்றார் தளபதி. "மாறாத பெயர், பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கலாம்" என்றார் நெடுநாக்கர்.

மூன்றாம் விடியல். கொத்தனார் இன்னும் இரண்டு தூண் கட்டியிருந்தார். கடல்கதவு கடைசியாகத்தான் கண் விழித்தது. மாதுளை கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாள்:

"உப்பண்ணே, திற!"

கிரீச்! ஜிலுஜிலுவென்று கடல்காற்று. பூட்டு ஒரு தும்மல் போட்டது. மாசிலான் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

பூதம் தலையைச் சொறிந்தது. "என் வாசலுக்கும் பெயர் வைத்தாயாமே?"

"சேற்றுமாமா."

பூதத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. பானையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. ராஜா மணிக்கூண்டுச் சாவியை மாதுளை கையில் கொடுத்தார்.

கொத்தனார்தான், தன் தூண்களை யாரும் மதிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, புத்தகத்தைப் படியெடுத்துப் போய்த் தனி ராஜ்ஜியம் கட்டினார். ஒரே கதவு. "ஏய்!" என்றால் திறக்கும். பெயரே வேண்டாம் என்று பெருமை பேசினார்.

போன வாரம் இரண்டாவது கதவு வைத்தாராம். மாதுளையை அழைத்துவர ஆள் வந்திருக்கிறது. தேங்காய் நாருடன் அவளும் கிளம்பிவிட்டாள்.