அந்துப்பூச்சி வெளிச்சத்துக்கு ஒளிந்த கதை

அந்தக் காலத்தில் பூச்சி புழுவுக்கெல்லாம் பேச்சு இருந்தது. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலையிலும் அவை மனுஷரோடு பங்கு எடுத்துக்கொண்டன. கம்பளம் அந்துப்பூச்சியின் பொறுப்பு. பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும், அது இழை இழையாக ஊர்ந்து போய், உதிர்ந்த தலைமுடியையும் சோற்றுப் பருக்கையையும் தின்று துப்புரவாக்கிவிடும். கம்பளத்தின் ரோமத்தில் மட்டும் வாய் வைக்காது.

நஞ்சாத்தாள் வீட்டுக் கம்பளம் அவள் அண்ணன் சென்னியப்பன் கொடுத்தது. தன் பட்டி ஆடுகளின் ரோமத்தை நூற்று, மூன்று வருஷம் உட்கார்ந்து நெய்தார். தங்கச்சி மகள் பூவாயி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டுமென்று, தாய்மாமன் சீராக முன்கூட்டியே கொண்டுவந்து விரித்தும் விட்டார்.

"எடுத்து வெக்காதே நஞ்சா. மிதிபட்டாத்தான் ரோமம் படியும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நஞ்சாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. யார் கால் வைத்தாலும் ஓடிப்போய்த் தட்டிவிட்டாள். ஒரு நாள் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, நா உள்ள இருக்கறேன்" என்றது அந்துப்பூச்சி.

"இரு சாமி. நீ இருந்தா இன்னும் சுத்தமாத்தானே இருக்கும்?"

"ஆளு நடக்காத கம்பளத்துல எனக்குத் திங்க என்னக்கா கெடைக்கும்?"

"ரெண்டே நாளு. வெள்ளிக்கிழமை பிரிச்சுடறேன்."

பாவம், மனசாரத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை செம்மண் காற்று அடித்தது. அடுத்த வாரம் சேற்றுக்காலோடு சொந்தக்காரப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். "அக்கா, பசிக்குது" என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வரும். "நாளைக்கு சாமி" என்பாள், உலக்கையைக் கீழே வைக்காமலே. வாசலுக்கு வந்த நாய்க்கு ஒரு கவளம் வைக்காமல் சாப்பிடாத பெண்தான் அவள். கம்பள ஆசை அவளை அப்படி ஆக்கிவிட்டது. கொஞ்ச நாளில் குரல் நின்றது. தூங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று பந்தலில் கம்பளத்தைப் பிரித்தார்கள். பிரிக்கப் பிரிக்க ரோமம் தூளாகக் கொட்டியது. நடுவில் ஒரு முறம் அகலத்துக்கு ஓட்டை. ஓரத்தில் அந்துப்பூச்சி, அதைச் சுற்றிலும் குஞ்சும் குளுவானுமாக ஒரு கூட்டம்.

"இருந்த முடியெல்லாம் தீர்ந்துபோச்சு அக்கா. நா பொறுத்துக்கிட்டேன். இதுக பொறந்ததுக்கப்புறம் என்னால முடியல" என்றது. வெட்கத்தில் அதற்குத் தலை நிமிரவில்லை.

தப்பு யார் மேல் என்று நஞ்சாத்தாளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் மாப்பிள்ளை வீட்டு மேளம் கேட்டது. மானம் போகிறதே என்ற பதற்றத்தில், "என்ற அண்ணன் சீரையே தின்னுட்டியே, பாவி" என்று கத்திக்கொண்டே கம்பளத்தை வெயிலுக்கு இழுத்துக் கோலால் அடித்தாள். குஞ்சுகள் சுருண்டு விழுந்தன. மிச்சமிருந்தவற்றைக் கூட்டிக்கொண்டு அந்துப்பூச்சி இருட்டறைக்குள் ஓடியது.

சென்னியப்பன் வந்தார், பார்த்தார். கம்பளத்தைத் திரும்ப விரித்து, அந்த ஓட்டையின் மேல் தன் துண்டைப் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். பந்திக்குக் கூப்பிட்டும் எழவில்லை. தாய்மாமனுக்கு என்ன கர்வம் என்று சம்பந்தி வீட்டார் முணுமுணுத்தார்கள். நஞ்சாத்தாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போன பிறகு அவள் துணி மடிப்பு ஒவ்வொன்றையும் விரித்து, "சாமி, எம்மேலதான் தப்பு, வெளிய வா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பேச்சை அது அன்றைக்கே விட்டுவிட்டது.

அன்று முதல்தான் அந்துப்பூச்சி வெளிச்சம் பட்டால் மடிப்புக்குள் ஓடி ஒளிகிறது, காவல் காத்த ரோமத்தையே தின்கிறது. நாமும் கம்பளத்தை அவ்வப்போது வெயிலில் பிரித்துப் போடுகிறோம், நஞ்சாத்தாள் பிரிக்காமல் விட்ட அந்த வெள்ளிக்கிழமைக்காக.