வழக்கமான கடைசி வரி

வில்மட் துரைக்குக் கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம். மனசெல்லாம் கல்லெழுத்தில். எங்கேயோ எழுத்து வெட்டின கல் கிடக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் குதிரை ஏறிவிடுவார்.

அவருக்குத் தமிழும் பழைய எழுத்தும் சொல்லிக்கொடுத்தவர் முன்ஷி சபாபதி. துரையைவிடப் பத்து வயது இளையவர். சம்பளம் கொடுப்பவர் துரைதான். ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் கைகட்டி நிற்பவரும் துரைதான்.

"சீடனைக் கண்டதும் எழுந்து நிற்கிற குரு உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான், முன்ஷி" என்று துரை கேலி பண்ணுவார்.

"நீங்கள் தப்பாகப் படிக்கும்போது உட்கார்ந்துவிடுகிறேனே, துரை. கணக்குச் சரியாகிவிடும்" என்பார் முன்ஷி.

ஒரு பங்குனி வெயிலில் இருவரும் ஆலங்கரைச் சாலைக்குப் போனார்கள். புளியமரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு கல். உடம்பெல்லாம் எழுத்து. கல்லோடு ஒட்டினாற்போல ஒரு மண்பானை. பக்கத்தில் வீராயி என்கிற பெண் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கூடவே ஒரு மாட்டுவண்டியும் வந்திருந்தது. வண்டிக்காரர் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதையா தொரை செத்த காலேஜுக்குக் கொண்டுபோறது?"

சென்னை மியூசியத்தை அப்போது ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாம்" என்றார் துரை. "பானையின் ஈரம் எழுத்தைத் தின்கிறது, பாருங்கள் முன்ஷி."

வீராயி பானையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பானைய வேணா தள்ளி வச்சுக்கிறேன் தொரை. கல்ல எடுத்துராதீக. தூரத்துல வாரவுக இந்தக் கல்லப் பாத்துத்தான் இங்கன தண்ணி இருக்குன்னு வருவாக. கல்லு போயிட்டா, தாகத்தோட நேரா நடந்து போயிருவாக."

துரைக்குக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் போன மாதம் அவர் பார்த்துப் பார்த்துப் படியெடுத்த ஒரு கல், இந்த மாதம் பாலத்துக்கடியில் சல்லியாகக் கிடந்தது. அந்தச் சல்லியில் ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். இப்போதும் கை அதைத்தான் தடவிற்று.

"நானும் போன பிறகு இதை யார் காப்பாற்றுவார்கள், முன்ஷி? அதை மட்டும் சொல்லுங்கள்."

முன்ஷி காகிதச் சுருளை எடுத்து நீட்டினார்.

"முதலில் படியெடுங்கள், துரை" என்றார்.

துரை காகிதத்தை விரித்தார். நனைக்கத் தண்ணீர் வேண்டும். வீராயி கேட்காமலே சொம்பை நீட்டினாள். பார்வையைக் கல்லை விட்டு எடுக்காமலே வாங்கிக்கொண்டார். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டித் தட்டிப் பதித்தார். மையை ஒற்றி எடுத்தார். எழுத்தெல்லாம் கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுந்து வந்தது. ஒரு முழம் மிச்சம் இருக்கும்போதே கையைத் துடைத்துக்கொண்டார்.

"முடிந்ததா?"

"முடிந்தது. அரங்கி என்று ஒரு பெண். இந்த வழியில் நடப்பவர்களுக்குத் தண்ணீர் வார்க்க நிலம் விட்டிருக்கிறாள். எண்ணூறு வருஷம் இருக்கும்."

"கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறதே."

"வழக்கமான கடைசி வரிதானே, முன்ஷி. எத்தனை கல்லில் பார்த்தாயிற்று! அதற்கு ஒரு காகிதம் தண்டம்."

"படியுங்கள்."

"உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு எதற்கு? அந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டுங்கள்."

முன்ஷி கல்லெதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று துரைக்குத் தெரிந்துபோயிற்று. முட்டிபோட்டு, விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"இத்தன்மம் காத்தார் பாதம் என் தலைமேலன."

வீராயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படின்னா என்ன சாமி?"

சொல்லுங்கள் என்பதுபோல முன்ஷி துரையைப் பார்த்தார். துரை மெதுவாகச் சொன்னார்.

"இந்தத் தர்மத்தை விடாமல் யார் நடத்துகிறார்களோ, அவர்களுடைய கால் என் தலைமேல் இருக்கட்டும் என்று அந்த அரங்கி சொல்கிறாள்."

"எந்தத் தர்மம்?"

"தண்ணீர் ஊற்றுவது."

"அதுக்கு விட்ட நெலம் எங்க தொரை இருக்கு?"

"நிலம் எப்போதோ போய்விட்டது, அம்மா. உன்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னது யார்?"

"யாரு சொல்லணும்? என் மாமியா ஊத்துனாக. அவுக மாமியாளும் ஊத்துனாகளாம். தாகத்தோட வாரவுகள வெறும் வாயோட அனுப்ப முடியுமா?"

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். வெடித்துப் புழுதி ஏறிக்கிடந்த தன் காலைக் குனிந்து பார்த்தாள். வெட்கமாகிவிட்டது. இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் காலா? ஐயோ, அந்தப் புள்ள தலை நோவாதா சாமி?"

முன்ஷி சிரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

வீராயி ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கல்லின் உச்சியில் ஊற்றினாள். "குளுந்து இரு ஆத்தா" என்றாள். தண்ணீர் எழுத்தெழுத்தாக இறங்கிக் கடைசி வரியில் வந்து சொட்டிற்று.

வண்டிக்காரர் கயிற்றோடு வந்து நின்றார்.

"வெயிலு சாயறதுக்குள்ள ஏத்திரலாமா தொரை?"

துரை முன்ஷியைப் பார்த்தார்.

"நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, முன்ஷி."

முன்ஷி எழுந்து வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டினார்.

"கால் இங்கே இருக்கிறது, துரை. தலையை மட்டும் சென்னைக்குக் கொண்டுபோய் என்ன செய்ய?"

துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, வீராயியின் முன்னால் குனிந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினார்.