வாய்க்கால் கரையில் ஒரு தட்டு

ஞானதிரவியம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாமல் ஒரு ஈ காக்காயைக் கூட ஏற்றியதில்லை என்று சொல்லிக்கொள்வார். தெபோராள் அம்மாவிடம் வேதம் படிக்கச் சேர்ந்தபோது வேலையை விட்டிருந்தாரே தவிர, அந்தப் பெருமையை விடவில்லை.

அம்மா அவரைவிட வயதில் இளையவர். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. எங்கிருந்தோ தனியாக வந்து ஓலைக் கொட்டகையில் சபை தொடங்கியவர். சொந்தக் கதை பேசமாட்டார். பேசாததால் மற்றவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

அன்று சுடலைவடிவுக்கு ஞானஸ்நானம். அவள் கணவன் பலவேசம் சபைப் பக்கமே வராதவன். வெகுகாலம் முரண்டு பிடித்துவிட்டு, "உனக்கு நிம்மதின்னா சரி" என்று கடைசியில் அவனே பைக்கில் கூட்டி வந்திருந்தான். வந்தவன் மருதமரத்தடியில் ஒதுங்கி நின்றுகொண்டான்.

அம்மா வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கரை ஏற்பாடுகள் முதல் தடவையாக ஞானதிரவியத்தின் பொறுப்பு. கையில் ஒரு எவர்சில்வர் தட்டோடு நின்றார்.

"தாலியக் கழத்தி இதுல வச்சிட்டு இறங்கும்மா."

சுடலைவடிவின் கை கழுத்துக்குப் போனது. வெறும் மஞ்சள் கயிறுதான். கை அங்கேயே நின்றுவிட்டது.

"கழத்தாம இறங்கக் கூடாதா, அண்ணாச்சி?"

"கூடாது."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

பலவேசம் மரத்தடியை விட்டு வந்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நான் உசுரோடதான நிக்கேன்," என்றான். "வா, வீட்டுக்குப் போவோம்."

சுடலைவடிவு பைக்கை நோக்கித் திரும்பினாள். இன்று போனால் இனி வரமாட்டாள் என்பது கரையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

"கொஞ்சம் நில்லு தாயி," என்று அம்மா தண்ணீரிலிருந்து கூப்பிட்டார். "அண்ணாச்சி, அந்தத் தட்டு எதுக்கு?"

"தாலியக் கழத்தணும்லாம்மா?"

"அப்படி வேதத்துல எங்க இருக்கு?"

ஞானதிரவியம் சற்று யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"வசனம் எதுக்கும்மா? உங்க கழுத்தே சாட்சியா இருக்கே. ஆண்டவருக்காகக் கழத்தி எறிஞ்சிட்டு வந்தவுக நீங்க. உங்கள மாதிரி ஆகணும்னா அதான வழி?"

அம்மா ஈரக் கையால் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"நான் கழத்தல, அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு, வேண்டாம் வேண்டாம்னு நான் கெஞ்சக் கெஞ்ச, கையப் பிடிச்சுக்கிட்டுக் கழத்துனாவ."

ஞானதிரவியம் கையிலிருந்த தட்டைக் குனிந்து பார்த்தார்.

"அதையா இந்தப் பிள்ளைக்குச் செய்யச் சொல்லுதிய?"

தட்டை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒளித்து வைக்க வேறு இடம் இல்லை.

"இறங்கு தாயி," என்றார் அம்மா. "பாசி வழுக்கும், பாத்து."

சுடலைவடிவு கணவனைப் பார்த்தாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து முழங்கால் தண்ணீர் வரை கூட்டிப்போய் அம்மாவிடம் ஒப்படைத்தான். அவள் முங்கி எழுந்தபோது மஞ்சள் கயிறு நனைந்து கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. அவள் சிரித்தாள். அதைப் பார்த்து அவனும் சிரித்துவிட்டான்.

ஞானதிரவியத்துக்கு மட்டும் மனம் ஆறவில்லை. எத்தனை வருஷக் கண்டக்டர்.

"அப்போ ஒரு சட்டமும் வேண்டாமாம்மா?" என்று கேட்டார். "யாரு வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் இறங்கலாமா? நாம எதையுமே கேக்கக் கூடாதா?"

அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கரையேறினார். மார்கழிக் காற்று. சுடலைவடிவு ஈரச் சேலையோடு பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"தட்ட மறக்காமக் கொண்டாந்திய," என்றார் அம்மா. "துண்டு கொண்டாந்தியளா, அண்ணாச்சி?"