பன்னிரண்டு முத்திரைப் படிப்பு

முல்லைக்கோட்டையில் மழை தவறினாலும் தவறும். அரசர் திருமேனிப் பூபதிக்கு வாரம் ஒரு புது யோசனை வருவது தவறாது. அப்படித்தான் ஒருநாள், "மாணவர்கள் ஏட்டையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நாலு ஊர் பார்த்து வரட்டும். அங்கே கற்றதையும் படிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்!" என்று அறிவித்துவிட்டார்.

நல்ல யோசனைதான். அதைச் சட்டமாக எழுதும் வேலை அரண்மனைக் கல்விச்சாலைத் தலைவர் பஞ்சநதப் பண்டிதரிடம் போனதுதான் வினை. யார் என்ன கற்றார் என்று உட்கார்ந்து விசாரிக்க அவருக்கு ஏது பொறுமை? சுருக்கமாக முடித்தார். வழியிலுள்ள ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஓலையில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரைக்கு ஒரு மாதப் படிப்பு. பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு வருடம் தேறியாயிற்று!

அந்த வருடம் கடைசி வகுப்பில் இரண்டே பேர். ஒருவன் பண்டிதரின் தங்கை மகன் நீலமேகம். இன்னொருவன் செம்மலை. தேறுகிறவனுக்குப் பெரிய ஏரியின் கண்காணிப்பு வேலை காத்திருந்தது. ஏரியின் மதகோ ஒழுகிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு நாலு மாதம்தான் பாக்கி.

நீலமேகம் பல்லக்கில் போய்ப் பன்னிரண்டு முத்திரையோடு திரும்பினான். செம்மலை ஒன்றோடு வந்து நின்றான்.

"ஒன்றா! மூன்று மாதம் என்னடா கிழித்தாய்?" என்றார் பண்டிதர்.

"முதல் சாவடி தாண்டியதும் ஓர் ஊரில் உடைந்த மதகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் ஐயா. கல் எடுத்துக் கொடுத்தபடி அங்கேயே இருந்துவிட்டேன்."

"முத்திரை ஒன்று, படிப்பு ஒரு மாதம். மீதிப் பதினொன்றை இங்கே உட்கார்ந்து படி."

முகம் வாடி வெளியே வந்தவனை அமைச்சர்களில் குறும்புக்காரரான கூத்தபிரான் நிறுத்தி விசாரித்தார். கேட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் வீடு அந்த ஏரிக்கரைக்குக் கீழேதான் இருந்தது. மதகையே பார்க்காதவன் கையில் ஏரியைக் கொடுத்தால் கார்த்திகையில் தன் கட்டில் மிதக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

மறுநாள் அவையில் நீலமேகத்துக்குப் பட்டயம் கொடுக்க அரசர் எழுந்தார்.

"பொறுங்கள் அரசே! இன்னொருவரும் தேறியிருக்கிறார்" என்று கூத்தபிரான் கைதட்டினார். இரண்டு ஆட்கள் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிவந்து வைத்தார்கள். சரக்கு மூட்டைகளிலும் சாவடிக்குச் சாவடி முத்திரை குத்துவது அந்த நாட்டு வழக்கம்.

"என்ன ஓய் இது?" என்றார் அரசர்.

"மேற்கு மலையிலிருந்து வந்த மாணவர், அரசே. எண்ணிப் பாருங்கள், பதினான்கு முத்திரை. நீலமேகத்தைவிட இரண்டு அதிகம். வழியில் எந்தச் சத்திரத்திலும் சாப்பாடு சரியில்லை என்று சண்டை போடவில்லை. அடக்கமான பிள்ளை."

அவை குலுங்கிச் சிரித்தது. பண்டிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "மூட்டையும் மாணவனும் ஒன்றா? ஊர் சுற்றினால் போதுமா? என்ன பார்த்தாய், என்ன கற்றாய் என்று கேட்டால் வாய் திறந்து சொல்ல வேண்டாமா?"

கூத்தபிரான் காத்திருந்தது இதற்குத்தான்.

"ஓ, கேட்கலாமா? சட்டத்தில் இல்லையே என்றுதான் தயங்கினேன். பண்டிதரே சொல்லிவிட்டார். செம்மலையையும் கூப்பிட்டு மூவரையும் கேட்டுவிடுவோம், அரசே."

செம்மலை வந்தான். "நம் மதகில் பலகை நன்றாகத்தான் இருக்கிறது அரசே. கல்லிடுக்கில் சுண்ணாம்பு கரைந்துவிட்டது. பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பத்து நாள் வேலை, மழைக்கு முன்னால் முடித்துவிடலாம்" என்றான். அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ என்னப்பா பார்த்தாய்?"

நீலமேகம் மாமாவைப் பார்த்தான். "பல்லக்கில் திரை போட்டிருந்தது, அரசே."

"பன்னிரண்டு ஊரிலுமா?"

"மூன்றாவது ஊரில் திறந்தேன். தூசியாக இருந்தது. மூடிவிட்டேன்."

மூட்டை ஒன்றும் சொல்லவில்லை.

அரசர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "ஏரி செம்மலைக்கு! சரி கூத்தபிரானே, மற்ற இரண்டு பேரும் ஒன்றுமே பார்க்கவில்லை. இரண்டாம் இடத்தை யாருக்குக் கொடுப்பது?"

"மூட்டைக்குத்தான் அரசே. அவிழ்த்துப் பார்த்தால் மிளகாவது இருக்கும்."