மூன்று தடவை கழுவிய பாட்டில்

குடிநீர் ஆய்வகத்தில் ரஹீமாதான் குரு. வயது முப்பத்தொன்று. சீடர் அருளப்பனுக்கு ஐம்பத்து மூன்று. பம்ப் ஹவுஸிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்.

போன வாரம் அவர் எடுத்து வந்த ஓடைக்கரைத் தெருத் தண்ணீரில் ஒரு கிருமிகூட முளைக்கவில்லை. 'குடிக்க உகந்தது' என்று ரஹீமா கையெழுத்துப் போட்டாள். இந்த வாரம் அந்தத் தெருவில் ஆறு குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில்.

தண்ணீர் விநியோகத்தைப் பார்க்கும் இன்ஜினீயர் போனில் சிரித்தார். "உங்க ரிப்போர்ட்டே சுத்தம்னு சொல்லுதேம்மா. கண்ட பானிபூரியைத் தின்னிருக்கும்."

"எட்டு மாசக் குழந்தையுமா சார் பானிபூரி தின்னுச்சு?"

போனை வைத்துவிட்டாள்.

அருளப்பனுக்குப் பொறுக்கவில்லை. "கண்ணால பார்த்தோமே மேடம். ஒண்ணுமே முளைக்கலையே. அப்ப பொய் சொல்றது யாரு? தண்ணியா, ஜனங்களா?"

ரஹீமா ஆய்வகத்துப் புதுப் பாட்டில் ஒன்றை நீட்டினாள்.

"அன்னிக்கு எப்படிப் பிடிச்சீங்களோ, அப்படியே பிடிங்கண்ணே."

அவர் குழாயைத் திறந்தார். கொஞ்சம் பிடித்தார், குலுக்கினார், கொட்டினார். மறுபடி. மறுபடி. "நம்ம வேலைக்குச் சுத்தம்தானே மேடம் முக்கியம்!"

ரஹீமா இன்னொரு பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்தாள். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.

"இது என்ன?"

"ஏதோ தூசி. அதுக்குத்தானே கழுவுறேன்."

"குளோரினை அடக்குற உப்புண்ணே அது. அதைக் கொட்டிட்டா, தண்ணியில இருக்கிற குளோரின் வர்ற வழியெல்லாம் கிருமியைக் கொன்னுக்கிட்டே வரும். அந்த பாட்டில் இங்க வந்து சேர எவ்வளவு நேரமாச்சு?"

"மத்த தெருவெல்லாம் முடிச்சு... மூணு மணி நேரம்."

"அந்த ஜனங்க?"

"பிடிச்ச கையோட குடிச்சிருப்பாங்க." அவர் குரல் இறங்கிவிட்டது.

அவள் பழைய அறிக்கையை எடுத்துக் குறுக்கே கோடு போட்டாள். 'இது தவறு. இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

"தப்பு என்னுது மேடம். என் பேரை எழுதுங்க."

"சொல்லிக் கொடுக்காம அனுப்பினது நான்." ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

அருளப்பன் வாசலை மறித்து நின்றார். "இதை வெளியே காட்டினா இன்ஜினீயர் சும்மா விடுவாரா? நாளைக்கு நம்ம அறிக்கையை எவன் நம்புவான்?"

"இன்னிக்கு நம்பிக் குடிச்சுக்கிட்டிருக்காங்கண்ணே. வழியை விடுங்க."